மூன்றாவது சூடம்

எனக்கு எண்பத்தி நாலு முடிந்துவிட்டது. பெற்றது ஐந்து, நிலைத்தது நாலு. நாத்தனார் போன பிறகு அவளுடைய இரண்டையும் சேர்த்து ஆறு பேரை வளர்த்து ஆளாக்கினேன். ஆறு பேரில் ஒருவர்கூட இன்னொருத்தர் வாசலில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றதில்லை. எனக்கு என் பெயரை எழுதத் தெரியும், பதுளை பஸ்ஸா அப்புத்தளை பஸ்ஸா என்று போர்டைப் பார்த்துச் சொல்லத் தெரியும். மற்றதை எல்லாம் என் பேத்தி எழுதுகிறாள். நான் சொல்வதைத்தான் எழுதுகிறாளா என்று கடைசியில் படிக்கச் சொல்லிப் பார்த்துக்கொள்வேன்.

நான் வேலை செய்த துரை பங்களா இப்போது டூரிஸ்ட் தங்குகிற இடம். அதை நடத்துகிற மேனேஜர் தம்பி என் வீட்டுக்கு வந்து, "ஆயாம்மா, புதுசா வேலைக்குச் சேர்ந்த பிள்ளைங்களுக்கு நீங்க நாலு வார்த்தை சொல்லணும். வெள்ளைக்காரங்க காலத்துல மேசை எப்படி போட்டீங்க, டீ எப்படி ஊத்துனீங்கன்னு சொல்லுங்க" என்றார். மேசை போடுவதை ஒரு காலை நேரத்தில் படித்துக்கொள்ளலாம் பிள்ளைகளே. நான் சொல்லப்போவது அது இல்லை. சந்தேகம் உங்கள் மேல் வந்து விழும்போது எப்படி நிற்பது என்று சொல்கிறேன். அது வரும். தங்க வந்தவர்களின் கைக்கடிகாரம் ஒன்று காணாமல் போகட்டும், அவர்கள் கட்டிலுக்கு அடியில் பார்க்கும் முன்னால் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

சாப்பாட்டு அறையில், குளிர்காய்கிற அடுப்புக்கு மேலே ஒரு பெரிய படம் தொங்குகிறது அல்லவா? பச்சையும் கறுப்பும் பட்டை பட்டையாக, நடுவில் ஒரு சிவப்போடு. அது என்ன என்று டூரிஸ்ட் கேட்டால் நீங்கள் சிரித்து மழுப்புகிறீர்களாம். உங்களில் ஒருத்தி, மழைத்தண்ணி ஒழுகி பெயிண்ட் கரைந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறாள். அது காடு. மரம் மரமாக, இலை இலையாக இருந்த காடு. என் கண் முன்னால்தான் அது இப்படி ஆனது. அதனால் என் குடும்பமே நடுரோட்டுக்கு வர இருந்தது.

நாடு சுதந்திரம் ஆகி, தோட்டத்து ஆட்களுக்கு மட்டும் இங்கே பிரஜாவுரிமை இல்லை என்று சட்டம் போட்ட பிறகுதான் நான் இந்தப் பங்களாவுக்கு உள்வேலைக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் தேயிலை ஃபெக்டரியில் இருந்தார். மூத்தவள் கைக்குழந்தை. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், எங்களுக்கு ஒரு காம்பரா, ஒரே அறை. வேலையை விட்டு நிறுத்தினால் பத்துச்சீட்டைக் கையில் கொடுத்துவிடுவார்கள். சீட்டு வந்தால் காம்பராவும் போகும், வீட்டுக்காரர் வேலையும் போகும். ஒரு தோட்டத்தில் சீட்டு வாங்கியவனை அடுத்த தோட்டத்தில் லேசில் சேர்க்கமாட்டார்கள். இந்தியாவுக்குப் போ என்பார்கள். நான் கண்ணால் பார்க்காத ஊர். இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைக் கேளுங்கள்.

எனக்கு முன்னால் இருந்த ஆயாதான் எனக்கு வேலை பழக்கியவள். பெயர் சொல்லமாட்டேன், அவளுக்குப் பிடிக்காது. வந்த முதல் நாளே சொன்னாள்: "பங்களாவுல ஒரு சாமான் ஒடைஞ்சா எவளோட கைன்னுதான் பாப்பாங்க. ஒத்தையில நின்னு எதையும் தொடாதடி. யாரையாவது கூப்பிட்டு நிக்க வச்சுக்கிட்டு தொடு."

"யாருமே இல்லேன்னாக்கா?"

"தூசி இருந்துட்டுப் போவுது. ஒனக்கென்ன?"

அதை நான் விட்டதே இல்லை. அந்தப் படத்தைத் தட்டும்போதும் கோக்கி அண்ணனைக் கூப்பிட்டு வாசலில் நிற்கச் சொல்வேன். கோக்கி என்றால் பங்களா சமையல்காரர். கரண்டியும் கையுமாக வந்து நின்று, "இதுக்கு ஒரு காவலா? கறி அடிப் புடிக்குது, சீக்கிரம்" என்று முணுமுணுப்பார்.

படத்தை வரைந்தது துரைசாணி, அதாவது எங்கள் பெரிய துரையின் மனைவி. ஒல்லியான அம்மா, அதிகம் பேசாது. ஆனால் குசினிக்குள், எங்கள் சமையல்கட்டுக்குள், வந்து வந்து எங்கள் தமிழை அரைகுறையாகப் பிடித்துவைத்திருந்தது. மேல்டிவிசன் தேயிலை முடிகிற இடத்தில் காடு தொடங்கும். அந்த ஓரத்தில் ஒரு காட்டு நாவல் மரம், அதன் அடியில் எங்கள் முனியாண்டிக் கல். மழை இல்லாத மாதங்கள் முழுக்க துரைசாணி அங்கே போய் உட்கார்ந்து வரைந்தது. குடையும் முக்காலியும் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போவேன். ஒரு கிளையை வரைய ஒரு காலைப்பொழுது போய்விடும். படம் முடிந்தபோது, விறகு பொறுக்கப் போகிற எவளும் இது இந்த மரம், அது அந்த மரம் என்று விரல் வைத்துச் சொல்லலாம். கல்லில் இருந்த பாசிகூடத் தெரிந்தது.

சாப்பாட்டு அறையில் மாட்டியதும் கோக்கி அண்ணன் படத்தில் கல்லைப் பார்த்துவிட்டார். தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார். படத்தில் இருந்தாலும் சாமி சாமிதானே. எனக்கும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை ஆனால் சூப் கொண்டு போகிற சாக்கில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வருவார். ஒரு வெள்ளிக்கிழமை, சட்டத்தில் கல்லுக்கு நேராக ஒரு செவ்வரத்தம்பூவைச் செருகிவிட்டார்.

துரை பார்த்தார். முகம் அந்தப் பூவைவிடச் சிவந்துவிட்டது. "இது கோயில் இல்ல! நம்ம சாப்பாட்டு ரூம்! இனி எவன் கைவச்சாலும் சீட்டு!" என்று தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில் கத்தி, பூவைப் பிய்த்துக் கீழே எறிந்தார். துரைசாணி குனிந்து அதை எடுத்தது. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, பூவை ஒரு பார்வை, படத்தை ஒரு பார்வை. பிறகு உள்ளே கொண்டு போய்விட்டது. குப்பைக்கூடை பக்கத்திலேயே இருந்தது. அதில் போடாததை நான் கவனித்துவைத்தேன்.

அதற்குப் பிறகுதான் அந்த அம்மாவின் கை மாறியது. பின்வராந்தாவில் வைத்து வரைந்த படங்களில் மரமே இல்லை. பச்சை ஒரு இழுப்பு, கறுப்பு ஒரு இழுப்பு. துரைக்கு அது ஆகவில்லை. பதுளையில் இருந்து டாக்டரைக் கூட்டிவந்து காட்டினார். நரம்பில் ஏதோ தளர்ச்சி என்று டாக்டர் சொன்னதாகக் கேள்வி. இன்னொரு தடவை இப்படிக் கிறுக்கினால் சீமைக்குக் கப்பல் ஏற்றிவிடுவேன் என்று துரை சத்தம் போட்டது குசினி வரை கேட்டது.

"முனி அடிச்சிருச்சு" என்றார் கோக்கி அண்ணன்.

"முனிக்கு வேற வேல இல்லியாண்ணே?"

"இல்லதான். நம்மள எல்லாம் அடிச்சு முடிச்சாச்சு. இப்ப வெள்ளைக்காரங்க முறை."

இந்த நேரத்தில் கொழும்பில் இருந்து கம்பெனியின் ஏஜண்டுத் துரை தோட்டத்தைப் பார்வையிட வருவதாக இருந்தது. முந்தின தடவை அவர் அந்தக் காட்டுப் படத்தை வாய்விட்டுப் புகழ்ந்திருந்தார். எங்கள் துரை அதை அவருக்கே பரிசாகத் தருவதாகச் சொல்லி, கொண்டுபோகப் பெட்டியும் செய்துவிட்டார். வரைந்த அம்மாவைக் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. கேட்டிருக்க மாட்டார்.

ஒரு காலை திரைச்சீலையை இழுத்துவிட்டுத் திரும்பினால், படத்தில் முனியாண்டிக் கல்லின் மேல் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு. எண்ணெயில் குழைத்த செந்தூரத்தை அள்ளி அப்பின மாதிரி, கீழே கொஞ்சம் வழிந்து. நான் கிட்டப் போகவில்லை. நின்ற இடத்தில் நின்று கோக்கி அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்து, என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே நினைப்புதான்: இவர் வேலைதான் இது, இவள் வேலைதான் இது.

துரை துணியால் துடைத்தார். அது இன்னும் பரவியது. தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிற பெரிய கிளாக்கர் ஐயாவைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர், ஆனால் துரைக்குப் பயந்தவர். துரை சொன்னதை எங்களுக்குச் சொன்னார்: ஏஜண்டுத் துரை வருவதற்குள் செய்தவர் யார் என்று தெரியவேண்டும். இல்லையென்றால் எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் பத்துச்சீட்டு. துரைசாணி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றது.

வெளியே வந்ததும் கிளாக்கர் ஐயா என்னைத் தனியாக நிறுத்தினார்.

"ஏன் பிள்ளை வீண் கரைச்சல்? தெரியாமல் செய்துபோட்டன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு ஒரு சொல்லுச் சொல்லும். துரை கத்துவார், பிறகு ஆறிப்போவார்."

"செய்யாதத எப்படிங்க ஐயா செஞ்சேன்னு சொல்றது?"

"அவர் உம்மட்டை உண்மையையே கேட்டவர்? மன்னிப்பைத்தானே கேட்டவர்."

பிள்ளைகளே, இந்த மாதிரி ஆட்கள் உங்களுக்கும் வந்து சொல்வார்கள். நல்லது நினைத்துத்தான் சொல்வார்கள். கேட்காதீர்கள். செய்யாததைச் செய்தேன் என்று ஒரு தடவை சொல்லிவிட்டால், அடுத்து ஒரு ஸ்பூன் காணாமல் போனாலும் நேரே உங்களிடம்தான் வருவார்கள். அன்றைக்குச் செய்தவள்தானே என்பார்கள். அப்போது இல்லை என்று சொல்ல உங்களுக்கு வாய் இருக்காது. என் கைக்குழந்தையின் முகம் கண்ணில் வந்தது. வந்தும் நான், "முடியாதுங்க ஐயா" என்றேன்.

குசினியில் எனக்கும் கோக்கி அண்ணனுக்கும் பெரிய சண்டை.

"பூ வச்ச கைதானேண்ணே, பொட்டு வைக்க எவ்வளவு நேரம்?"

"தெனம் அதத் தடவுறவ நீ. என்னயச் சொல்றியா?"

"தடவுறப்ப எல்லாம் நீங்கதான நின்னு பாத்தீங்க?"

"நான் கறியப் பாத்தேனா ஒன்னயப் பாத்தேனா!"

கடைசியில், ஞாயிற்றுக்கிழமை முனியாண்டிக் கல்லுக்கே போய்ச் சூடம் அணைப்பது என்று முடிவானது. எங்கள் ஆட்களுக்கு அதுதான் கோர்ட்டு. சூடத்தைக் கொளுத்தி, நான் செய்யவில்லை என்று சொல்லி உள்ளங்கையால் அடித்து அணைக்கவேண்டும். பொய் சொல்லி அணைத்தவன் குடும்பம் விளங்காது. அதற்குப் பயந்து, திருடினவன்கூட சூடத்தைக் கண்டதும் உண்மையைக் கக்கிவிடுவான்.

இரண்டு பேரும் தேயிலைக்குள் முன்னும் பின்னுமாக ஏறினோம். அவர் முன்னால் போகட்டும் என்று நான் நின்றால், நான் முன்னால் போகட்டும் என்று அவர் நிற்பார். மேலே போனால் கல்லுக்கு எதிரில் துரைசாணி உட்கார்ந்திருக்கிறது. வீட்டில் வரையவிடாததால் அங்கே வந்திருக்கிறது. மடியில் பலகை. அதில் பச்சை, கறுப்பு, நடுவில் அதே சிவப்பு. விரல் நகமெல்லாம் சிவப்பு. படத்தில் இருந்த சிவப்பேதான்.

நான்தான் கேட்டேன்: "பெரிய படத்துல வச்சதும் நீங்களாங்க துரைசாணி?"

எங்களைக் கண்டு அது எழுந்திருக்கவில்லை. அரைகுறைத் தமிழில் சொன்னது: "அந்தப் படம் சும்மா, ஆயா. நான் இலை பாத்தேன், பாசி பாத்தேன். கல்லு சும்மா கல்லு. கோக்கி பூ வச்சான். அப்பதான் அங்க ஆள் இருக்கு. துரை எடுத்தார், திரும்ப ஆள் இல்ல. அதான் நான் வச்சேன்."

"எங்களுக்குச் சீட்டு குடுக்கப்போறாங்கம்மா."

அது தலையைக் குனிந்துகொண்டது. "நான் துரைகிட்ட சொல்றேன்."

இறங்கும்போது கோக்கி அண்ணன் குதித்தார். "வா, இப்பவே தொரகிட்ட சொல்லுவோம்!" நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். பெண்டாட்டி சொன்னால் துரை கேட்கலாம். பெண்டாட்டியைப் பற்றிக் குசினி ஆள் சொன்னால் எந்தத் துரை கேட்பார்? செய்ததும் இல்லாமல் துரைசாணி மேலேயே பழி போடுகிறார்கள் என்று அன்றைக்கே சீட்டு எழுதுவார். அதுவுமில்லாமல், நாங்கள் சொல்லி அந்த அம்மாவைக் கப்பலில் ஏற்றிவிட்டால் அந்தப் பாவம் யாருக்கு? "அது வாயாலயே சொல்லட்டும்" என்றேன்.

அது சொல்லவில்லை. திங்கள் போனது, செவ்வாய் போனது. தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தால் என் முகத்தைப் பார்க்காமல் கோப்பையைப் பார்க்கும். எனக்கு வேறு மாதிரி சந்தேகம் வந்தது. சாமிக்காகத்தான் சிவப்பு வைத்ததா, இல்லை, தன்னைக் கேட்காமல் பரிசு கொடுக்கிறார்களே என்று படம் வெளியே போகாமல் இருக்க வைத்ததா? இன்றைக்கு வரைக்கும் எனக்கு அது தெளிவில்லை. தெளிவில்லாததை உங்களுக்குத் தெளிவு மாதிரி சொல்லமாட்டேன்.

ஏஜண்டுத் துரை வந்துவிட்டார். பகல் சாப்பாடு முடிந்தது. படத்தை மேசைத்துணியால் மூடியிருந்தார்கள். அவர் அதைக் காட்டி என்னவோ கேட்டார். எங்கள் துரை துணியை விலக்கி, கிளாக்கர் ஐயாவையும் எங்களையும் உள்ளே கூப்பிட்டார். விருந்தாளி முன்னால் தன் அதிகாரத்தைக் காட்டவேண்டும் அவருக்கு. துரைசாணி மேசையின் அந்தக் கோடியில் இருந்தது.

"கடைசி முறை கேக்கிறார்" என்றார் கிளாக்கர் ஐயா. கண்ணால் என்னைக் கெஞ்சினார்.

நான் ஒரு அடி முன்னால் வந்தேன். "ஐயா, நான் செய்யல. எங்க வழக்கத்துல சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணுவோம். இந்தப் படத்தக் கையால தொடுறவங்க எல்லாரும் அணைக்கட்டும். அணைக்கிறதுக்குப் பயப்படுறவங்க யாருன்னு தொரையே பாத்துக்கிடட்டும்."

கிளாக்கர் ஐயா மெதுவாகக் கேட்டார்: "எல்லாரும் எண்டால் பிள்ளை?"

"எல்லாரும்தாங்க ஐயா."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, இங்கிலீஷில் சொன்னார். எங்கள் துரை கத்த வாய் திறந்தார். ஏஜண்டுத் துரைக்கு அது வேடிக்கையாக இருந்தது போல. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, செய்யட்டும் என்று கை காட்டினார்.

குசினியில் இருந்து பித்தளைத் தட்டை எடுத்துவந்தேன். மூன்று சூடம் வைத்தேன். முதலாவதைக் கொளுத்தி, "இந்தப் படத்துல நான் கைவைக்கல, முனியாண்டி சத்தியம்" என்று உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். இரண்டாவதைக் கோக்கி அண்ணன் அடித்தார். அடித்த வேகத்தில் தட்டு என் கையில் ஆடியது. மூன்றாவதைக் கொளுத்தினேன். யார் பெயரும் சொல்லவில்லை. யார் முகத்தையும் பார்க்கவில்லை. தட்டைக் கீழே வைக்கவும் இல்லை. பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதுவும் எங்கள் பூஜையில் ஒரு பகுதி என்று எங்கள் துரை நினைத்திருப்பார். துரைசாணிக்குத் தெரியும். இத்தனை வருடம் எங்களோடு இருந்த அம்மாவுக்குச் சூடம் என்றால் என்ன என்று தெரியும். அது எழுந்தது. மேசையைச் சுற்றி வந்து தட்டுக்கு முன்னால் நின்றது. கையைத் தூக்கியது. நகத்து இடுக்கில் அந்தச் சிவப்பு இன்னும் இருந்தது. கை நெருப்புக்கு மேலே அப்படியே நின்று, பிறகு கீழே இறங்கிவிட்டது. சூடம் தானாக எரிந்து தானாக அணைந்தது.

ஏஜண்டுத் துரை என்னவோ கேட்டார். அந்த அம்மா சின்னதாகப் பதில் சொன்னது. கிளாக்கர் ஐயா என் காதோரம், "தான்தான் எண்டு சொல்லிப்போட்டா" என்றார்.

ஏஜண்டுத் துரை எழுந்து போய்ப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். திரும்பி எங்கள் துரையிடம் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று கிளாக்கர் ஐயாவைக் கேட்டேன். "அது பெரிய ஆக்களின்ரை கதை" என்று சொல்லிவிட்டார். எங்கள் துரை என்னிடம் மன்னிப்புக் கேட்டாரா என்று கேட்பீர்கள். "ஆயா, கோப்பி கொண்டு வா" என்றார். அவ்வளவுதான். ஆனால் சீட்டு வரவில்லை. என் காம்பரா என்னிடமே இருந்தது. என் பிள்ளைகள் எல்லாம் அதில்தான் பிறந்தார்கள்.

படமும் போகவில்லை, அந்த அம்மாவையும் கப்பலில் ஏற்றவில்லை. பெரிய கம்பெனிக்காரர் முன்னால் வெளிப்பட்ட பிறகு துரைக்கு மூடிமறைக்க ஒன்றும் இல்லை. அடுத்தடுத்த வருடங்களில் துரைசாணி அந்தப் படத்தை இறக்கி இறக்கி, மரங்களை ஒவ்வொன்றாக மூடியது. இடது பக்கத்து மரங்கள் முதலில் போயின. நாவல் மரம் ரொம்ப நாள் நின்று, அதுவும் ஒரு கறுப்புப் பட்டையாகிவிட்டது. பண்டாரவளையில் இருந்து வருகிற துரைமார் பார்த்துவிட்டு ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொள்வார்கள். சிவப்பு மட்டும் வைத்த இடத்திலேயே இருந்தது.

அது பிரஷ்ஷை எடுத்தால் நான் குசினிப் பக்கம் குரல் கொடுப்பேன்: "கோக்கியண்ணே, வந்து நில்லுங்க!"

துரைசாணி சிரிக்கும். "இன்னும் சந்தேகமா, ஆயா?"

"ஆமாங்க" என்பேன். அதற்குக் கோபம் வந்ததில்லை. அறுபதுகளின் தொடக்கத்தில் அவர்கள் சீமைக்குப் போனபோது, தன்னுடைய கம்பளிச் சால்வையை எனக்குக் கொடுத்துவிட்டு அழுதது. வாங்கிக்கொண்டேன். ஒரு நாளும் போர்த்தியதில்லை. சீட்டு வரப்போகிறது என்று நான் காத்திருந்த அந்தத் திங்களும் செவ்வாயும் அது கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்ததே, அதை ஒரு சால்வை மூடிவிடுமா?

இனி டூரிஸ்ட் கேட்டால் அது காடு என்று சொல்லுங்கள். நடுவில் இருப்பது முனியாண்டி என்று சொல்லுங்கள். தூசி தட்டும்போது இரண்டு பேராகப் போங்கள்.

சரி கண்ணு, எழுதினதைப் படி பார்ப்போம். மெதுவா. ம்... ம்... நில்லு. மூன்றாவது சூடத்துக்கிட்ட என்ன எழுதியிருக்க? தட்ட தொரைசாணி பக்கம் நீட்டினேன்னா? அப்படி நான் சொல்லல. கீழ வைக்கலன்னுதான் சொன்னேன். அத வெட்டிட்டு நான் சொன்ன மாதிரி எழுது. எழுதிட்டு, அந்த எடத்த மட்டும் எனக்கு இன்னொரு தடவை படிச்சுக் காட்டு.